மட்டாஞ்சேரியின் பாட்டுப் பித்தர்கள்

ரஃபியும் மெஹபூபும் பந்தாட்டமும் மூச்சாகிவிட்ட ஊரில், 'வெறி ரசிகர்' என்ற முத்திரையை யார் குத்துகிறார்கள்? யார்மீது?

கொச்சியில் ஒருவர் 'பிராந்தன்' என்று பெயர் வாங்குவதற்கு மூளை குழம்ப வேண்டியதில்லை. முகமது ரஃபியின் பாட்டுகளை, படத்தின் பெயர், இசையமைப்பாளர், நடித்தவர் சகிதம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்தால் போதும். பைத்தியக்காரனைக் குறிக்கும் இந்த மலையாளச் சொல்லில் வசையும் உண்டு, வாஞ்சையும் உண்டு. பாட்டுப் பிராந்தன், பந்துப் பிராந்தன், ஆனைப் பிராந்தன் என்று கேரளத்தில் பல ரகம். கதகளிக்கும் வாணவேடிக்கைக்கும் அலைகிறவர்களுக்கு 'கம்பக்காரன்' என்று கொஞ்சம் மென்மையான பட்டமும் தனியாக இருக்கிறது.

தமிழில் கதை வேறுமாதிரி. 'ரசிகன்' என்றால் ரசம் அறிந்தவன். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து சரியான இடத்தில் தலையாட்டுபவன். அவனே கொஞ்சம் அளவு மீறினால் 'பைத்தியம்'. ஏழையாகவும் இருந்து, சினிமா நடிகருக்காக அளவு மீறினால் 'வெறியன்'. சொற்களின் இந்த ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. பையில் இருக்கும் பணமும் பிறந்த தெருவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆங்கிலத்தின் 'ஃபேன்' பிறந்ததும் இந்தச் சந்தேகத்தில்தான். 1880களில் அமெரிக்கப் பத்திரிகைகள் பேஸ்பால் மைதானத்தில் கத்தித் தீர்த்தவர்களுக்கு வைத்த பெயர் அது. 'ஃபனாடிக்' என்பதன் சுருக்கம். அந்தச் சொல்லின் வேர், கோயிலைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். சாமி வந்து ஆடுகிறவனே ஆதி ரசிகன். மலையாளத்திலும் ரசிகருக்கு வழக்கமான சொல் 'ஆராதகன்', அதாவது ஆராதனை செய்பவன். இரண்டு மொழிகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆராதனைக்கு மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். 1555இல் போர்ச்சுகீசியர் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனையும், 1568இல் எழுந்த யூதர் ஆலயமும் சில அடி தூரத்தில் நிற்கின்றன. சுக்கும் மிளகும் மணக்கும் பஜார் சாலைக் கிடங்குகளைச் சுற்றிச் சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கணி உருது, தமிழ் என்று அத்தனையும் காதில் விழும். பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் சலவைத் துறையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே சந்தில் வாழும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஹிந்திப் பாட்டு பிடித்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் ரஃபி மலையாளத்தில் ஒரு பாட்டும் பாடியவரில்லை. ஒரே ஒரு மலையாளப் படத்தில், 1980இல் வந்த 'தளிரிட்ட கினாக்கள்' படத்தில், அவர் குரல் ஒலித்தது. அந்தப் பாட்டும் ஹிந்தியில்தான். அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி அவர் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்தத் தேதி வந்தால் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் ஹார்மோனியத்தைத் தூசு தட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் அவரது நூற்றாண்டு வந்தபோது கேட்கவே வேண்டாம்.

சாப்பாவும் பாட்டும்

இந்த ஈடுபாட்டைப் புரிந்துகொள்ள மட்டாஞ்சேரியின் துறைமுகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இங்கே தினசரி வேலை கிடைப்பதே சூதாட்டம். காலையில் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்துக்குள் கங்காணிகள் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் புரண்டு பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி. கிடைக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவியின் இயக்கத்தில் 2023இல் வெளியான 'துறமுகம்' படம் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பகலில் வில்லைக்காகப் புழுதியில் புரண்டவர்கள் இரவில் கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து விடியும்வரை பாட்டுக் கேட்டார்கள். அந்தப் பந்தல்களின் நாயகன் எச். மெஹபூப். ஊருக்கு அவர் 'மெஹபூப் பாய்'. 1926இல் தக்கணி முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1951இல் 'ஜீவித நௌகா' மூலம் சினிமாவுக்குள் வந்தார். 1954இல் ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் இயக்கிய 'நீலக்குயில்', கே. ராகவனின் இசையில் மலையாள சினிமாப் பாட்டின் போக்கையே மாற்றியது. அதிலும் மெஹபூபின் குரல் இருந்தது. 1963இல் வந்த 'டாக்டர்' படத்தில் அவர் பாடிய நகைச்சுவைப் பாட்டுகளை இன்றும் கேரளத்தில் முணுமுணுக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் சென்னையில் தங்கிப் பணமும் பேரும் சேர்த்திருக்க வேண்டும். அன்று மலையாளப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் பதிவாயின. மெஹபூபுக்கோ கொச்சியை விட்டு நாலு நாள் இருக்க முடியவில்லை என்பது ஊரில் வழங்கும் கதை. கல்யாண வீட்டிலும் நண்பர்கள் கூட்டத்திலும் பாடுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வசதி எதுவும் சேராமல் 1981 ஏப்ரலில் அவர் காலமானார்.

அவர் மேடைகளிலும் பந்தல்களிலும் பாடிய சினிமா சாராத பாட்டுகளுக்கு இசைத்தட்டு கம்பெனி எதுவும் வரிசையில் நிற்கவில்லை. கேட்டவர்கள் மனதில் வைத்திருந்தார்கள். கூடிய இடத்தில் பாடினார்கள். அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே மண்ணில் வளர்ந்து, மெஹபூபின் பாட்டில் மயங்கி, பம்பாய்க்குப் போய் உஸ்தாத் முஜாவர் அலியிடம் பயின்று, மலையாளத்துக்கு கஸலைக் கொண்டுவந்தவர்தான் 2018 ஆகஸ்ட் 1ஆம் தேதி மறைந்த உம்பாயி. ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' (1986) படத்தில் தோன்றிய இந்தப் பாடகரும், இளமையில் வீட்டாரின் பார்வையில் உருப்படாத பாட்டுப் பித்தர்தான்.

பட்டம் யாருக்கு?

அமெரிக்க ஆய்வாளர் ஜோலி ஜென்சன் 1992இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் அடிப்படையான கேள்வியைப் போட்டது. ஒரு கவிஞரின் கையெழுத்துப் பிரதிக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போகும் பேராசிரியரை 'அறிஞர்' என்கிறோம். ஒரு பாடகரின் கையெழுத்துக்காக மழையில் நிற்கும் தொழிலாளியை 'வெறியர்' என்கிறோம். இருவரும் செலவிடும் நேரம் ஒன்று, சேகரிக்கும் தகவல் ஒன்று, அடையும் பரவசமும் ஒன்று. ரசிகரை நோயாளியாகப் பார்ப்பதன் மூலம், நோயில்லாதவர் என்ற சான்றிதழை மற்றவர்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதே அவரது வாதம்.

மட்டாஞ்சேரியில் இதை நேரிலேயே பார்க்கலாம். 2012 டிசம்பர் 12ஆம் தேதி தொடங்கிய கொச்சி-முசிறி பினாலேக்காக உலகின் பல மூலைகளிலிருந்து கலை ஆர்வலர்கள் பழைய கிடங்குகளைத் தேடி வருகிறார்கள். ஒரு நிறுவல் கலைப் படைப்பின் முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பக்கத்துச் சந்தில் ரஃபியின் ஒரே பாட்டைப் பத்தாவது முறையாகப் போட்டுக் கண்ணீர் விடுபவரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பெண்களுக்கு இந்த முத்திரை இன்னும் கடுமை. 1964இல் பீட்டில்ஸ் குழுவைக் கண்டு அலறிய இளம் பெண்களை மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்ற பொருள்பட ஏசினார் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பால் ஜான்சன். அந்தப் பெண்கள் கொண்டாடிய பாட்டுகள் பின்னாளில் பல்கலைக்கழகங்களில் பாடமாயின. கொச்சியின் பந்தல்களில் பெண்கள் எப்போதுமே பாட்டுக் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் உள்ளறையில் இருந்தபடி. ஆண் ரசிகருக்கு 'பிராந்தன்' என்ற பட்டமாவது கிடைத்தது. பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த பெண்ணுக்கு ரசிகை என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை.

முத்திரையின் சேதம் கிண்டலோடு முடிவதில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'பையன் பாட்டுப் பைத்தியமாமே' என்ற ஒரு வாக்கியம் போதும். இசைத்தட்டு வாங்கிய பணம் வீட்டுக் கணக்கில் ஊதாரித்தனமாக எழுதப்படுகிறது. அதே பணத்தில் நகை வாங்கியிருந்தால் சேமிப்பு.

பந்து உருளும் வீடு

பாட்டுக்கு அடுத்தபடியாகக் கொச்சியை ஆட்டிப் படைப்பது பந்து. 2022 உலகக் கோப்பையின்போது கொச்சியை அடுத்த முண்டக்காமுகள் கிராமத்தைச் சேர்ந்த 17 பேர் சேர்ந்து, ஆட்டங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்காகவே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கினார்கள். பிரேசில், ஆர்ஜென்டினா, போர்ச்சுகல் நிறங்களைச் சுவரில் பூசினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. 'பைத்தியக்காரத்தனம்' என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆளுக்கு ஏறத்தாழ 1.35 லட்சம் ரூபாயில் ஊருக்குப் பொதுவாக ஒரு கூடுமிடம் கிடைத்திருக்கிறது. நிலமும் கையில் இருக்கிறது. நகரத்துக் கிளப்புகளில் உறுப்பினராகச் சிலர் கட்டும் தொகையோடு ஒப்பிட்டால் இதில் பைத்தியம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கேரளத்தில் யானைக்கும் ரசிகர் மன்றம் உண்டு. இரண்டு பேரைக் கொன்றதால் 2019இல் தடை செய்யப்பட்ட தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன் என்ற யானைக்காக ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் கட்டுப்பாடுகளோடு திருச்சூர் பூரத்தின் தொடக்கச் சடங்குக்கு மட்டும் யானை அனுமதிக்கப்பட்டது. தமிழ் நடிகர் விஜய்க்கு 2018இல் கொல்லத்தில் 175 அடி உயரக் கட்-அவுட் எழுந்ததும் இதே மாநிலத்தில்தான். படிப்பறிவு கூடினால் இந்த மோகம் குறையும் என்று சொல்பவர்களுக்குக் கேரளம் ஒரு சங்கடமான உதாரணம்.

கோடு எங்கே?

அப்படியானால் 'வெறி' என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தபோது தீக்குளித்தும் விஷம் குடித்தும் மாய்ந்தவர்களைத் தமிழகம் மறக்கவில்லை. 2023 ஜனவரியில் அஜித் பட வெளியீட்டின்போது சென்னையில் ஓடும் லாரியில் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் விழுந்து இறந்தார். 2024 டிசம்பரில் ஹைதராபாத் தியேட்டர் நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் பலியானார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலையே சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தீக்குளித்தவரின் துயரம் வேறு, நெரிசலில் மிதிபட்டவரின் விதி வேறு. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இறந்தவர்கள் வெறியர்களாக இருந்ததால் இறக்கவில்லை. கூட்டம் வரும் என்று தெரிந்தும் வாசலைச் சரியாகத் திறக்காதவர்கள், கயிறு கட்டாதவர்கள், காவலுக்குப் போதிய ஆள் வைக்காதவர்கள் இருந்ததால் இறந்தார்கள். 'ரசிகர் வெறி' என்று தலைப்புப் போட்டுவிட்டால் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. முத்திரையின் மிகப் பெரிய பயன் இதுதான்: பழியை இறந்தவர் தலையிலேயே வைத்துவிடலாம்.

மனநல மருத்துவத்தின் கையேடுகளில் 'வெறி ரசிகர்' என்று ஒரு நோய் கிடையாது. 2002இல் மெக்கச்சனும் அவரது சக ஆய்வாளர்களும் பிரபலங்கள் மீதான ஈடுபாட்டை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் மூன்று படிகள். முதல் படி, நண்பர்களோடு பேசி மகிழ்வது. இரண்டாவது, அந்த நபர் தன் வாழ்வின் பாதி என்று உணர்வது. மூன்றாவது, அவர் சொன்னால் சட்டத்தையும் மீறத் துணிவது. மூன்றாவதே ஆபத்தின் விளிம்பு. அந்த விளிம்புக்கு வருபவர்கள் சிறுபான்மையினரே. பெரும்பாலோர் முதல் படியிலேயே டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கனடாவின் உளவியல் அறிஞர் ராபர்ட் வாலரான் 2003இல் சொன்ன வேறுபாடு இன்னும் எளிது. ஒரு ஈடுபாடு மனிதன் கையில் இருக்கிறதா, மனிதன் அந்த ஈடுபாட்டின் கையில் இருக்கிறானா என்பதே கேள்வி. வேலைக்குப் போய், பிள்ளையைப் படிக்கவைத்து, இரவில் ரஃபியோடு உட்காருபவரின் வாழ்க்கையில் பாட்டு ஓர் அறை. வேலை, குடும்பம், உறக்கம் எல்லாவற்றையும் அது விழுங்கத் தொடங்கி, நிறுத்த நினைத்தாலும் முடியாமல், நிறுத்தச் சொன்னவரை எதிரியாக்கினால், அப்போது உதவி தேவை. எத்தனை பாட்டு தெரியும், எத்தனை இசைத்தட்டு இருக்கிறது என்ற கணக்கு இதில் எதையும் காட்டாது. உதவி தேவைப்படும் அந்த ஒருவரையும் கிண்டல் காப்பாற்றுவதில்லை. எல்லா ரசிகரையும் 'பைத்தியம்' என்று அழைக்கும் ஊரில் உண்மையாகவே தத்தளிப்பவரைப் பிரித்து அறிய முடியாமல் போகிறது.

வியாபாரத்துக்கு வேண்டியவர்

வேடிக்கை என்னவென்றால், மேடையில் பழிக்கப்படும் இதே 'வெறியர்'தான் டிக்கெட் கவுன்டரில் பெரிதும் விரும்பப்படுபவர். முதல் நாள் முதல் காட்சியை நிரப்புவது அவர். சீருடை வாங்குவது அவர். 2025 நவம்பரில் மெஸ்ஸியின் ஆர்ஜென்டினா அணி கொச்சியில் ஆடும் என்று அறிவித்தபோது நம்பிக் காத்திருந்ததும் அவரே. அணி வரவில்லை. அடுத்த மாதம் மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தும் அவரைச் சரியாகப் பார்க்க முடியாத கூட்டம் நாற்காலிகளை வீசியது. நாற்காலி வீசியது தவறு. ஆனால் ஆசையைத் தூண்டி விற்றவர்களுக்கு அவர்கள் டிக்கெட் விற்கும்வரை 'ரசிகப் பெருமக்கள்', விற்ற பிறகே 'கட்டுக்கடங்காத கும்பல்'.

அமெரிக்கப் பாடகர் எமினெம் 2000இல் 'ஸ்டான்' என்ற பெயரில், தன்னைத் தொடரும் ஒரு மிதமிஞ்சிய ரசிகனைப் பற்றிப் பாட்டு வெளியிட்டார். அந்தக் கற்பனைப் பெயர் இன்று ஆங்கிலத்தில் ஒரு பொதுச் சொல். எச்சரிக்கையாகப் பிறந்த பெயரை இளைஞர்கள் இப்போது பெருமையோடு தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். மட்டாஞ்சேரிக்காரர்கள் இதை முன்னரே செய்துவிட்டார்கள். 'பாட்டுப் பிராந்தன்' என்று அழைத்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பவர்கள் அங்கே ஏராளம்.

பித்தர்கள் காத்த சொத்து

தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தனைத் தாண்டிப் போக முடியாது. எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தார்கள் என்று சம்பளமில்லாமல் குறித்து வைத்த மனிதர். சினிமாப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடக்கூடிய வேலைதான். ஒரு கட்டத்தில் அவரது சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. 2016இல் அவர் மறைந்தபோது ஒரு ஆவணக் காப்பகமே போனதாகத் திரையுலகம் வருந்தியது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் கிராமபோன் தட்டுகளைச் சேர்த்தது இதே வகைப் பித்து. கோட்டயம் மாவட்டத்துப் பிளாசநாலில் சன்னி மாத்யூ நிறுவிய கிராமபோன் மியூசியமும் அப்படி விளைந்ததுதான்.

அரசு அலுவலகமோ கம்பெனியோ ஒரு பாட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கு முதலில் ஒரு விலை தெரிய வேண்டும். மெஹபூபின் கல்யாண வீட்டுப் பாட்டுக்கு விலை எதுவும் இருக்கவில்லை. அது பிழைத்திருப்பதற்கு, மூட்டை சுமந்து களைத்த பிறகும் விடிய விடியக் கண்விழித்துக் கேட்ட சிலர் காரணம். இன்று மலையாள இசையின் வரலாற்றைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வரும் ஆராய்ச்சியாளர்கள் குறிப்பேட்டோடு போய் உட்காருவது அவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும்தான். அங்கே 'பிராந்தன்' என்ற பட்டத்தோடு முதுமையடைந்தவர் சொல்வதை, பட்டம் பெற்றவர் எழுதிக்கொள்கிறார்.